பழைய ஜிப்சியின் உதறலும் அடைத்துக் கிடந்த பிரீதரும்

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அடுத்த நொடி ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கும். இறுக்கிப் பிடித்தாலும் அடங்காது, வேகம் குறைந்தால்தான் நிற்கும். பழைய மாருதி ஜிப்சி, பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெங்களூரில் பள்ளத்துக்கு என்ன பஞ்சம்? ஹென்னூர் ரோட்டில் ஒருமுறை போய்த் திரும்பினால் முன் ஆக்சில் எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

என்னுடையது 1998 ஜிப்சி கிங். 1298 சிசி, கார்புரேட்டர், 60 குதிரைத்திறன். 2000-இல் கார்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தபோது இது 80 ஆனது. தில்லியில் பதிவான வண்டி. தலைநகர்ப் பகுதியில் 15 வருடம் ஓடிய பெட்ரோல் வண்டியை ஓட்டக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமும், 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொன்ன பிறகு, அங்கிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு தெற்கே வந்த ஜிப்சிகள் நிறைய. அப்படி வந்த ஒன்றை ஏற்கெனவே கர்நாடகப் பதிவுக்கு மாற்றி வைத்திருந்தவரிடம் வாங்கினேன். “ஸ்டியரிங் டேம்பர் புதுசு சார், போன மாசம்தான் போட்டேன்” என்று அவர் பெருமையாகச் சொன்னார். என் காதில் அது எச்சரிக்கையாகத்தான் விழுந்தது.

ஸ்டியரிங் டேம்பர் என்பது ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரப் பக்கம் போகும் டிராக் லிங்க் தண்டோடு இருக்கும் ஒரு சின்ன ஷாக் அப்சர்வர். உதறலை அமுக்கி வைப்பதுதான் அதன் வேலை. உதறலுக்குக் காரணமான தேய்மானம் வேறு எங்கோ இருக்கும். புது டேம்பர் போட்டதும் சில மாதம் வண்டி சாதுவாகிவிடும், அதற்குள் விற்றும் விடலாம். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் உரிமையாளர் சம்மதித்தால் டேம்பரின் ஒரு முனையைக் கழற்றிக் கட்டிவிட்டு, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். டேம்பர் இல்லாமலும் வண்டி ஒழுங்காகப் போனால் முன் ஆக்சில் நன்றாக இருக்கிறது. இல்லையென்றால் விலை பேசும்போது அதைச் சொல்லலாம்.

என் வண்டி டேம்பரைக் கழற்றியதும் நாற்பதிலேயே ஆடியது.

இனி கண்டுபிடிக்கிற வேலை. முன் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஆக்சில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். எங்கள் லிங்கராஜபுரம் தெரு சரிவானது, அதனால் கட்டை வைக்காமல் நான் ஸ்பேனரைத் தொடுவதே இல்லை. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உலுக்கினால் ஆட்டம் தெரிந்தது. இந்த ஆட்டம் வீல் பேரிங்கிலும் இருக்கலாம், சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின்னின் பேரிங்கிலும் இருக்கலாம். பிரித்தறிய சுலபமான வழி, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி உலுக்குவது. பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், பிடித்த பிறகும் ஆடினால் கிங்பின். சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து உலுக்கும்போது தட்டினால் இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் முனைகளை, அதாவது டை ராடு எண்டுகளைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் பிரேக்கை மிதித்த பிறகும் இரண்டு பக்கமும் ஆடின.

இதோடு இன்னொன்றும் இருந்தது. இடது சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாக வழிந்திருந்தது. ஜிப்சியின் முன் ஆக்சிலில் இரண்டு முனையிலும் உருண்டையான ஒரு பகுதி இருக்கும். அதைச் சுற்றி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் திரும்பும். அந்த உருண்டைக்குள் கிரீஸில் மூழ்கியபடி ஆக்சில் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் சுற்றும். பக்கத்திலேயே, இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் கியர் ஆயில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காவல் ஒரே ஒரு ஆயில் சீல்தான். அது விட்டுப்போனால் ஆயில் கிரீஸில் கலந்து, கேழ்வரகுக் கூழ் பதத்தில் நக்கிளின் பின்பக்கமாக வெளியே வரும். ஜாயின்ட்டுக்கும் கிங்பின் பேரிங்குக்கும் வேண்டிய கிரீஸ் கரைந்து போய்விடும்.

இரண்டு கோளாறும் ஒரே இடத்தில் இருப்பதால் நக்கிளை முழுக்கப் பிரித்துவிடுவதுதான் சரி என்று முடிவு செய்தேன். அடுத்த தெருவில் ராணுவத்தில் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈஎம்இ பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர், ஜிப்சியோடு பல வருடம் பழகியவர். வழியில் நின்று வழிந்திருந்ததைப் பார்த்தார்.

“சீல் மாத்தப் போறியா தம்பி?”

“ஆமா அங்கிள். கிங்பின் பேரிங்கும் சேர்த்து.”

“மாத்து. அதுக்கு முன்னாடி ஆக்சில் மூச்சு விடுதான்னு பாரு.”

அவர் சொன்னது பிரீதரை. ஆக்சில் ஹவுசிங்கின் மேல்பக்கம் மண் அப்பிக் கிடக்கும் ஒரு சின்ன நிப்பிள். வண்டி ஓட ஓட டிஃபரன்ஷியல் சூடாகும், உள்ளே காற்று விரியும். அந்தக் காற்று பிரீதர் வழியாக வெளியே போக வேண்டும். அடைத்திருந்தால் அழுத்தம் ஏறி, ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சூடான ஆக்சிலோடு சக்லேஷ்பூர் பக்கம் ஒரு ஓடையில் இறங்குகிறோம் என்று வையுங்கள். ஆக்சில் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் ஓரமாகத் தண்ணீரையே இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஆயில் வெளுத்துப்போய் வரும்.

என் வண்டியின் பிரீதரில் மண் கல்லாக இறுகியிருந்தது. முந்தைய உரிமையாளர் கொடுத்த பில் கட்டில் அதே இடது பக்க சீலை மாற்றிய பில் ஒன்றுக்கு மேல் இருந்தது. சீல் விலை சில நூறு ரூபாய்தான், கூலி அதைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு முறையும் சீல் போனதைப் பார்த்திருக்கிறார்கள், ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. பழைய வண்டியில் பணம் கரைவது பெரும்பாலும் இப்படித்தான். பிரீதரைச் சுத்தம் செய்ய எனக்கு ஆன செலவு கொஞ்சம் பெட்ரோலும் ஒரு மெல்லிய கம்பியும். பிற்பாடு ஆயில் தாங்கும் குழாய் ஒன்றை அதில் மாட்டி, மேலே இன்ஜின் அறை வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். நீரில் இறங்குகிற யாரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். கூரைமேல் விளக்கு மாட்டுவதெல்லாம் அப்புறம்.

இனி பாகம் வாங்குவது. 1985-இல் அறிமுகமான ஜிப்சியைப் பொதுமக்களுக்கு விற்பது 2019-ஓடு நின்றுவிட்டது. ஆனால் ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கி ஓட்டிய வண்டி என்பதால் பாகங்களுக்கு இன்னும் பெரிய தட்டுப்பாடு இல்லை. பெங்களூரில் போக வேண்டிய இடம் ஜே.சி. ரோடு. அங்கே கடைக்காரர் முதலில் கேட்பது “ஒரிஜினலா, லோக்கலா?” இந்தக் கேள்விக்கு எல்லாப் பாகத்துக்கும் ஒரே பதில் கிடையாது. சீல், பிரேக் சம்பந்தப்பட்டவை, டை ராடு எண்டு போன்றவற்றுக்கு ஒரிஜினல்தான். ரப்பர் மேட், பிராக்கெட், மட் ஃபிளாப் போன்றவற்றுக்கு லோக்கல் போதும்.

பேரிங் விஷயம் தனி. எந்த பேரிங்கின் முகத்திலும் ஓர் எண் பொறித்திருக்கும். வண்டி கம்பெனி பேரிங் செய்வதில்லை, பேரிங் கம்பெனியிடம்தான் வாங்குகிறது. பழைய பேரிங்கைத் துடைத்து அந்த எண்ணைப் படித்துக்கொண்டு, பேரிங் மட்டுமே விற்கும் கடைக்குப் போனால் அதே தரத்தில் நல்ல கம்பெனி சரக்கு குறைந்த விலையில் கிடைக்கும். சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருப்பது உண்டு. பாக எண் கிடைக்காத பழைய வண்டிக்காரர்களுக்கு இது பெரிய துணை. ஒன்று கவனிக்க வேண்டும். பெட்டியைப் பார்த்து வாங்கக்கூடாது. பெட்டியை யாரும் அச்சடிக்கலாம். பேரிங்கைக் கையில் எடுத்து, பொறிப்பு கூர்மையாக இருக்கிறதா, சுற்றினால் மணல் அரைப்பதுபோல் சத்தம் வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பழைய பாகங்கள் விற்கும் சிவாஜிநகர் குஜரிக்கும் போவேன். கதவுக் கீல், கண்ணாடி, சீட் சட்டம், ஏர் ஃபில்டர் டப்பா, இப்போது யாரும் புதிதாகச் செய்யாத பிளாஸ்டிக் துண்டுகள் எல்லாம் அங்கே கிடைக்கும். ஸ்டியரிங், பிரேக், பேரிங் வகையறாவை அங்கே வாங்குவதில்லை. ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழித்ததைத்தானே அங்கே போட்டிருக்கிறார்கள்?

நக்கிளைப் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட்டை உருவும்போது தெருவே ஆயிலாகிவிடும். அதிலும் வரிசை முக்கியம். முதலில் ஊற்றுகிற மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிற மூடியைத் தொட வேண்டும். இறக்கிவிட்ட பிறகு மேல் மூடி துருவில் இறுகிக் கழல மறுத்தால், ஆயில் இல்லாத ஆக்சிலோடு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

சக்கரம் மாட்டும் ஹப்பைக் கழற்ற அதன் நட்டுக்கென்று தனி சாக்கெட் வேண்டும். பல பட்டறைகளில் உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டியே கழற்றுகிறார்கள். என் நட்டின் விளிம்பிலும் உளித் தழும்புகள் இருந்தன. இந்த நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில்தான் வீல் பேரிங்கின் ஆயுள் இருக்கிறது. உளியால் தட்டி இறுக்கினால் எவ்வளவு இறுகியது என்று யாருக்குத் தெரியும்? சாக்கெட் கடையில் கிடைக்காவிட்டால் லேத்காரரிடம் நட்டைக் கொடுத்து, குழாயில் வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

நக்கிள் கையோடு வந்ததும் கிங்பின் பேரிங்கின் வெளி வளையத்தை, அதாவது ரேஸை, டீசலில் கழுவித் துடைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்: வளையத்தின் உட்பரப்பில் மெல்லிய கோடுகள், ஒவ்வொரு ரோலருக்கும் ஒன்று. நகத்தால் வருடினால் ஒவ்வொரு கோட்டிலும் நகம் இடறியது. வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் போகிறது. இந்த பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. நேராகப் போகும் நிலையில் ரோலர்கள் அதே இடத்தில் நின்றபடி, ஒவ்வொரு பள்ளத்திலும் இடி வாங்கி, அங்கேயே குழி விழுந்துவிடுகிறது. இந்தக் குழியும் அதனால் வந்த தளர்வும்தான் உதறலின் வேர். டேம்பரை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கோடு அழியாது.

பழைய ரேஸைத் தட்டி எடுத்த பிறகு தூக்கிப் போட வேண்டாம். கிரைண்டரில் ஒரு பக்கம் வெட்டி இடைவெளி விட்டால், புது ரேஸை உட்கார வைக்கத் தட்டும் கருவியாக அதுவே உதவும். அளவு கச்சிதமாக இருக்கும், வெட்டு இருப்பதால் உள்ளே சிக்கிக்கொள்ளாது. மேல் கிங்பின், கீழ் கிங்பின், இடது, வலது, ஷிம்கள் என எல்லாவற்றையும் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வைத்தேன். என்னிடம் வந்த பழைய இட்லி மாவு டப்பாக்கள் எல்லாம் இப்போது வண்டிப் பக்கம்தான் இருக்கின்றன, வீட்டில் அதற்குத் தனி வழக்கு ஓடுகிறது.

மாட்டும்போது கவனம் தேவைப்படும் இடம் பிரீலோடு, அதாவது பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம். கிங்பின்னுக்கும் நக்கிளுக்கும் நடுவில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். தகட்டை எடுத்தால் பேரிங் இறுகும், சேர்த்தால் தளரும். இதை “கைக்கு டைட்டா இருக்கு” என்று முடிவு செய்யக்கூடாது. மீன் கடையில் பார்க்கிற ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். பின்பக்க சீலை மாட்டும் முன்பே, டை ராடு மாட்டும் துளையில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்து, நக்கிள் அசையத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல், இரண்டு கிலோவுக்குள் இருந்தால் சரி. அதற்குக் கீழே என்றால் உதறல் மறுபடி வரும். மேலே என்றால் ஸ்டியரிங் கனத்து, திருப்பிய பிறகு தானாக நேராகாது. இடது பக்கம் ஒரு தகடு எடுத்ததும் சரியாக வந்தது. வலது பக்கம் எடுத்து, சேர்த்து, மறுபடி எடுத்து, ஒரு மதியம் முழுக்க அதிலேயே போனது. மே மாதத்து மழை வேறு அன்றைக்குத்தான் வந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி பந்தலுக்கு வைத்திருந்த தார்ப்பாயைக் கொடுத்தார்.

ஆயில் சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். ஷாஃப்ட்டில் பழைய சீல் உரசி ஒரு தடம் விழுந்திருந்தால், புது சீல் அதே தடத்தில் உட்காராமல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால் கசிவு நிற்க வாய்ப்பு அதிகம். ஜாயின்ட்டுக்கு மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர 80டபிள்யூ-90 ஆயில். அதையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடாதீர்கள், அங்கே ஜிஎல்-4. ஜிஎல்-5-இல் உள்ள கந்தகச் சேர்மங்கள் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும் என்பதால்தான் இந்தப் பிரிவினை.

போல்டு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜிப்சி சுசூகியின் வடிவமைப்பு. அதன் 10 எம்எம் போல்டுகள் பெரும்பாலும் 1.25 மரை. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கொடுப்பது 1.5 மரை. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். துருதான் காரணம் என்று நினைத்து ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்கினால் நக்கிளின் மரை மொத்தமும் போய்விடும். பழைய போல்டைக் கையோடு கொண்டுபோய், இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து மரையோடு மரை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்ததற்குக் குறைந்ததை ஆக்சிலில் போடவே கூடாது. கார்புரேட்டர் ஸ்க்ரூவிலும் இதே கதைதான். அது ஜப்பானிய ஜேஐஎஸ் வகை, சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் முனை கொண்ட டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கார்புரேட்டர் என்றதும் பெட்ரோல் குழாய் ஞாபகம் வருகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் பிரதமர் தொடங்கி வைத்தார். இப்போது எல்லா பங்கிலும் அதுதான். 1998 வண்டியின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயை வளைத்தால் வெடிப்புகள் தெரிந்தன, மூடிய இடத்தில் நிறுத்தினால் பெட்ரோல் வாடை அடித்தது. குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாக மாற்றினேன். கிளிப்புகளும் புதிது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் பெட்ரோல் பழசாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் டேங்க்கின் அடியில் துரு.

வீட்டில் செய்யாதவையும் உண்டு. டிஃபரன்ஷியலின் கிரவுன்-பினியன் செட்டிங், பிரஸ் போட்டு ஏற்றும் பேரிங்குகள், சேஸிஸ் வெல்டிங் மூன்றுக்கும் பட்டறைக்குத்தான் போவேன். கமான், அதாவது பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் மாற்றுவது வீட்டிலேயே முடியும். ஆனால் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்டை இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. முன்பக்கம் கமானைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு வண்டியைத் தூக்குகிறவர்களுக்கு உதறல் வருவதில் ஆச்சரியமே இல்லை, அதில் கேஸ்டர் கோணம், அதாவது கிங்பின்னின் பின்சாய்வு, குறைந்துவிடுகிறது. கம்பெனி வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இருக்கிறது. எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பதும் அந்த மாதிரி வேலைகளைத்தான்.

எல்லாம் மாட்டி முடித்ததும் டேம்பர் இல்லாமலேயே ஓட்டிப் பார்த்தேன். ஹென்னூர் ரோட்டின் அதே பள்ளங்கள், அறுபதில். வண்டி ஒரு குலுக்கோடு நேராகப் போனது. டேம்பரைத் திரும்ப மாட்டினேன், அது இருக்க வேண்டிய பாகம்தான். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் பேரிங் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம், என்னுடையது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு கிங்பின் போல்டுகளையும் கமானின் யூ போல்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கினேன், இரண்டு போல்டுகள் கால் சுற்று ஏறின. இடது சக்கரத்தின் உள்பக்கம் காய்ந்தே இருக்கிறது. ஓடையில் இறங்கி வந்தால் டிஃபரன்ஷியலின் மேல் மூடியைத் திறந்து, விரலை விட்டு ஆயிலின் நிறம் பார்க்கிறேன். அடுத்து விண்ட்ஷீல்டு சட்டத்தின் அடியில் பெயிண்ட் உப்பியிருக்கிறது, அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.